முதுகில் நீர் எடுப்பது எப்படி? புதிதாகப் பழகுபவர்களுக்கு லம்பார் பங்சர்

"முதுகுல தண்ணி எடுக்கப் போறாங்களாம்" என்றதும் நோயாளியோடு இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கால் விளங்காமப் போயிடுமா டாக்டர்?" லம்பார் பங்சர் என்பது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரைப் பரிசோதனைக்காகக் கீழ் முதுகில் ஊசியால் எடுப்பது. அந்தக் கேள்விக்கு உடற்கூறியலில் நேரான பதில் உண்டு. ஊசியைத் தொடும் முன் அது உங்களுக்குத் தெளிவாக வேண்டும். ஹவுஸ் சர்ஜன்களுக்கும் முதல் வருட பி.ஜி.க்களுக்கும் இதை எழுதுகிறேன். முதல் சில தடவை சீனியர் பக்கத்தில் நிற்காமல் குத்தாதீர்கள்.

எந்த இடம்?

பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக எல்1, எல்2 (இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம்) முள்ளெலும்புகள் அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே அந்த நீர் நிறைந்த பை மட்டும் எஸ்2 (இடுப்புக்குக் கீழுள்ள திரிக எலும்பின் இரண்டாம் பகுதி) வரை நீள்கிறது. அதற்குள் நரம்பு வேர்கள் குதிரைவால் மயிர்போல மிதக்கின்றன. ஊசி வந்தால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். அதனால்தான் எல்3–எல்4 அல்லது எல்4–எல்5 இடைவெளியில் குத்துகிறோம்; அங்கே ஊசி படத் தண்டுவடமே இல்லை என்பதுதான் உறவினருக்கான பதில். பச்சிளங்குழந்தைக்குத் தண்டுவடம் எல்3 வரைகூட இறங்கியிருக்கும் என்பதால் கீழ் இடைவெளிகளிலேயே நில்லுங்கள்.

இரு பக்க இடுப்பெலும்பின் மேல்விளிம்புகளையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அது எல்4 முள்முனையையோ அதற்கு அடுத்த கீழ் இடைவெளியையோ தொடும். கை தடவிக் கணிக்கும்போது நினைத்ததைவிட ஓர் இடைவெளி மேலே போய்விடுவது சகஜம். சந்தேகம் வந்தால் கீழே இறங்குங்கள்.

யாருக்குக் கூடாது?

குத்தும் இடத்தில் தோல் தொற்று, ரத்தம் உறைவதில் கோளாறு, மூளையில் கட்டி அல்லது வீக்கத்தால் அழுத்தம் ஏறியிருக்கும் சந்தேகம். நினைவு மங்கல், புதிதாக வலிப்பு, ஒரு பக்கப் பலவீனம், கண் நரம்பு வட்டில் வீக்கம், நோய் எதிர்ப்புக் குறைவு இருந்தால் முதலில் சி.டி. ஸ்கேன். மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்துவிட்டால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாதி வேலை, படுக்க வைப்பதில்

நான் பழகிய காலத்தில் ஒரு நோயாளிக்கு மூன்று முறை குத்தியும் எலும்புதான் தட்டியது. சீனியர் அக்கா வந்தார், ஊசியைத் தொடவில்லை. நோயாளியின் மேல்பக்கத் தோள் முன்னால் சரிந்திருந்ததைப் பின்னுக்கு இழுத்தார், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தார். "இப்போ குத்து" என்றார். வந்துவிட்டது.

கட்டிலின் விளிம்பை ஒட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்குங்கள். இரு தோள்களும் ஒன்றன்மேல் ஒன்று, இரு இடுப்பும் அப்படியே, கட்டிலுக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். முதுகு முறுகினால் நீங்கள் நேராகப் போவதாக நினைக்கும் ஊசி பக்கவாட்டில் போகும். பருமனானவர்களை உட்கார வைத்தால் நடுக்கோடு எளிதாகக் கிடைக்கும். ஆனால் அப்போது அழுத்த அளவை நம்ப முடியாது.

ஊசி உள்ளே போகும் வழி

மாஸ்க், ஸ்டெரைல் கையுறை கட்டாயம். கிருமிநாசினி முழுதாகக் காயட்டும். மரத்துப்போக லிக்னோகெய்ன் 1% கொடுத்து ஓரிரு நிமிடம் பொறுங்கள். இங்கே அவசரப்பட்டால் நோயாளி துள்ளுவார்.

பெரியவர்களுக்கு வழக்கமாக 22 கேஜ், சுமார் 9 செ.மீ. ஊசி. குவிங்கே ஊசி (சாய்வாக வெட்டிய கூர்முனை உள்ளது) என்றால், ஒருக்களித்துப் படுத்திருப்பவருக்கு அதன் வெட்டுமுகம் கூரையைப் பார்க்க வேண்டும். பென்சில் முனை ஊசி கிடைத்தால் அதையே எடுங்கள். பின்னால் தலைவலி குறையும். இடைவெளியின் நடுவில், தொப்புளைக் குறிவைத்து லேசாக மேல்நோக்கிச் செலுத்துங்கள்.

தோல், கொழுப்பு, முள்முனைகளைப் பிணைக்கும் தசைநார்கள், மஞ்சள் தசைநார், அதன் பின் டியூரா எனும் தண்டுவட உறை; ஊசி கடக்கும் வரிசை இது. தசைநாரில் போகும்போது ரப்பர் அழிப்பானில் குத்துவதுபோல இறுக்கம் தெரியும். சட்டென்று ஒரு தளர்வு. சிலருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே தசைநாரைத் தாண்டிய பின் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை ஸ்டைலெட்டை (ஊசிக்குள் இருக்கும் கம்பியை) உருவி நீர் வருகிறதா என்று பாருங்கள்.

எலும்பு தட்டினால் உள்ளேயே வைத்து வளைக்காதீர்கள். தோலுக்கு அடியில் வரை பின்வாங்கி, கோணத்தை மாற்றி மறுபடி போங்கள். ஒரு காலில் மின்னல்போல வலி பாய்ந்தால் ஊசி அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்வாங்கி நடுக்கோட்டுக்குத் திருப்புங்கள்.

நீர் வந்த பிறகு

முதலில் மானோமீட்டரை (அழுத்தம் அளக்கும் குழாயை) மாட்டுங்கள். நோயாளி காலை லேசாக நீட்டித் தளர்வாக மூச்சுவிட வேண்டும். முக்கினால் அளவு ஏறும். பெரியவர்களுக்கு 25 செ.மீ. நீரளவுக்கு மேல் போனால் அதிகம்.

சிரிஞ்சால் இழுக்காதீர்கள், சொட்டட்டும். நான்கு குழாய்களில் எண் எழுதிப் பிடியுங்கள். உடல் நாளொன்றுக்குச் சுமார் 500 மி.லி. சுரக்கிறது; நீங்கள் எடுக்கும் 8–10 மி.லி. அரை மணி நேரத்தில் ஊறிவிடும். குத்தும் முன்பே ரத்தச் சர்க்கரைக்கும் ரத்தம் எடுத்திருக்க வேண்டும்; திரவத்தின் சர்க்கரையை அதோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம் கிடைக்கும்.

ரத்தம் கலந்து வந்து குழாய்க்குக் குழாய் தெளிந்தால், பெரும்பாலும் ஊசி பட்ட ரத்தம். நான்கிலும் ஒரே சிவப்பு என்றால் மூளைச் சவ்வடி ரத்தக்கசிவை நினையுங்கள்.

ஊசியை உருவும் முன் ஸ்டைலெட்டைத் திரும்பப் போடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். வெறும் ஊசியை உருவினால் சவ்வின் இழை ஓட்டைக்குள் சிக்கி, கசிவு நீளும், தலைவலி வரும் என்பார்கள்.

மணிக்கணக்கில் மல்லாந்து படுக்க வைத்தால் தலைவலி வராது என்பது பழைய நம்பிக்கை. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. எழுந்தால் வலி, படுத்தால் நிம்மதி என்றால் பங்சர் தலைவலி. பெரும்பாலும் தானே போய்விடும். போகாவிட்டால் நோயாளியின் சொந்த ரத்தத்தையே எபிடியூரல் இடத்தில் (டியூராவுக்கு வெளியே) செலுத்தி ஓட்டையை அடைப்பார்கள். காய்ச்சல், கழுத்து இறுக்கம், கால் மரத்தல், சிறுநீர் அடைப்பு வந்தால் உடனே திரும்பி வரும்படி உறவினரிடமும் சொல்லி அனுப்புங்கள்.