காலம் கடந்த குத்துச்சண்டை மோதல்கள்: விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் வென்றிருப்பவர் யார் என்ற கேள்வியைக் குத்துச்சண்டை ரசிகர்கள் சளைக்காமல் விவாதிக்கிறார்கள். இதை வெட்டிப் பேச்சென்று ஒதுக்க முடியாது. முறையாக நடந்தால், வீரர்களின் ஆட்டத்தையும் அவர்கள் காலத்து விதிகளையும் நுணுக்கமாகப் பார்க்கவைக்கும் விவாதம் இது. எந்த நிபந்தனைகளின்கீழ் நடக்கும் சண்டையைப் பற்றிப் பேசுகிறோம் என்று இரு தரப்பும் சொல்லாமலே தொடங்கிவிடுவதால்தான் அது பெரும்பாலும் கெட்டுப்போகிறது.

எந்த ஆண்டின் வீரர் என்று குறிப்பிடாமல் பேசுவது அடிப்படையான தவறு. 1966இல் ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றே ரவுண்டுகளில் முடித்த அலி கால்களின் வேகத்தை நம்பிச் சண்டையிட்டவர். 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்று ஜார்ஜ் ஃபோர்மேனைக் களைக்கவைத்த அலி அடி தாங்கி வென்றவர். ராணுவத்தில் சேர மறுத்ததற்காக வளையத்துக்கு வெளியே கழிந்த ஆண்டுகள் இவ்விருவருக்கும் இடையே கிடக்கின்றன. 1988இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் வீழ்த்திய டைசனும் 2002இல் லெனாக்ஸ் லூயிஸிடம் தோற்ற டைசனும் அவ்வாறே வேறு வேறு ஆட்கள்.

அடுத்து ரவுண்டுகளின் எண்ணிக்கை. இதுவே மிக முக்கியமானது என்பதும், மிக அதிகமாக மறக்கப்படுவதும் இதுவே என்பதும் என் கருத்து. 1941 ஜூன் 18 அன்று நியூயார்க்கில் 15 ரவுண்டுச் சண்டையில், மிகக் கனமான ஹெவிவெயிட் பிரிவின் சாம்பியன் ஜோ லூயிஸை எதிர்த்த பில்லி கான், பத்துக் கிலோவுக்கும் மேல் எடை குறைந்தவராக இருந்தும், 12 ரவுண்டுகள் முடிந்தபோது புள்ளி வழங்கிய மூவரில் இருவரின் கணக்கில் முன்னிலையில் இருந்தார். மூன்றாமவரின் கணக்கில் இருவரும் சமம். பதின்மூன்றாம் ரவுண்டில் நாக் அவுட் தேடி நெருங்கிச் சென்ற கான், அந்த ரவுண்டு முடிய இரண்டு விநாடிகள் இருக்கையில் தானே நாக் அவுட் ஆனார். இன்றைய 12 ரவுண்டு விதி அன்று இருந்திருந்தால் பட்டம் கானுடையது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதுவும் அவசர முடிவுதான், ஏனெனில் 12 ரவுண்டுகளே உண்டு என்று தெரிந்திருந்தால் லூயிஸ் முன்கூட்டியே பாய்ந்திருக்கக்கூடும். ரவுண்டுகளின் எண்ணிக்கை மாறும்போது வீரர் மூச்சைச் செலவழிக்கும் விதமும் மாறுகிறது. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்ததையடுத்து 15 ரவுண்டு பட்டப் போட்டிகள் அந்தப் பத்தாண்டுக்குள் படிப்படியாக மறைந்தன. ஆகவே அதற்கு முந்தைய ஒருவரையும் பிந்தைய ஒருவரையும் மோதவிடுகிறவர், எத்தனை ரவுண்டு என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

உடல் அளவைக் காட்டி விவாதத்தை முடித்துவிடுவோரும் உண்டு. 49 சண்டைகளிலும் வென்ற ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோ சுமார் 84 கிலோ எடையுடன் சண்டையிட்டவர். இன்று அவர் ஹெவிவெயிட்டைவிடக் கனம் குறைந்த க்ரூஸர்வெயிட் பிரிவின் 90.7 கிலோ வரம்புக்குள் அடங்கிவிடுவார். எனினும் 2024இல் ஒலெக்சாண்டர் உசிக் தம்மைவிட 15 கிலோவுக்கும் மேல் கனமான டைசன் ஃபியூரியை வென்றார். 1919இல் ஜாக் டெம்ப்சி தம்மைவிட மிகப் பெரியவரான ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை கீழே தள்ளியதையும் பலர் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் விழுந்தவர் எழும்வரை எதிராளி விலகி நிற்க வேண்டும் என்ற விதி அப்போது நடைமுறையில் இல்லாததால், வில்லார்ட் எழும்போதே டெம்ப்சி பக்கத்தில் நின்று அடித்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சான்று நேர்மையானது. சிறிய எடைப்பிரிவுகளில், எடை பார்க்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். முன்பு சண்டை நாளிலேயே எடை பார்த்தார்கள். இப்போது முந்தைய நாள் பார்ப்பதால், வற்றிய உடலில் நீரும் உணவும் ஏற்றிக்கொண்டு சில கிலோ கூடுதலாக வளையத்தில் இறங்க முடிகிறது. சுகர் ரே ராபின்சன் காலத்து 147 பவுண்டும் (66.7 கிலோ) இன்றைய 147 பவுண்டும் தராசில் மட்டுமே சமம்.

அவரை இவர் வென்றார், இவரை மற்றவர் வென்றார், எனவே அவரைவிட மற்றவர் மேல் என்ற கணக்கும் உதவாது. ஜோ ஃபிரேசியர் 1971இல் அலியை வென்றார். அந்த ஃபிரேசியரை 1973இல் ஃபோர்மேன் இரண்டு ரவுண்டுகளில் ஆறு முறை தரையில் வீழ்த்தினார். அந்த ஃபோர்மேனை மறு ஆண்டு அலி நாக் அவுட் செய்தார்.

சாதனைப் பட்டியலை வெறும் எண்ணாகப் படிப்பதும் இத்தகையதே. ராபின்சனின் தோல்விகளில் பெரும்பகுதி வயதான பின் வந்தவை. 1943இல் ஜேக் லாமோட்டாவிடம் தோற்ற பின் 1951இல்தான் மீண்டும் தோற்றார். எட்டே எடைப்பிரிவுகள் இருந்த காலத்தில் மூன்று பட்டங்களை ஒரே சமயத்தில் வைத்திருந்த ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கின் சாதனையை, குறைந்தது 17 பிரிவுகளும் பட்டம் வழங்கும் நான்கு அமைப்புகளும் உள்ள இன்றைய பட்டங்களோடு எண்ணிக்கையால் ஒப்பிட முடியாது. படச்சுருளையும் அப்படியே நம்பக் கூடாது. கையால் சுழற்றிப் படமாக்கிய பழைய சண்டைகள் தவறான வேகத்தில் ஓட்டப்படும்போது வீரர்கள் துள்ளித் துள்ளி அசைவதாகத் தெரிகிறது. அதைப் பார்த்து அக்காலத்தவருக்கு நுட்பமே இல்லை என்று தீர்ப்பளிப்பது அநியாயம்.

கணினி தீர்த்துவைக்கும் என்ற நம்பிக்கை 1970லேயே சோதிக்கப்பட்டது. அலியும் மார்சியானோவும் கேமரா முன் நடித்துக்கொடுத்த ‘கணினிச் சண்டை’யின் அமெரிக்கப் பதிப்பில் மார்சியானோ பதின்மூன்றாம் ரவுண்டில் வென்றார்; ஐரோப்பாவில் காட்டிய பதிப்பில் அலி வென்றார்.

அலி-டைசன் கேள்வியை எடுத்தால், பேச வேண்டியவை இப்படிப்பட்டவை: கைகளைத் தாழ்த்தித் தலையைப் பின்னால் இழுக்கும் அலியை 1963இல் ஹென்றி கூப்பரும் 1971இல் ஃபிரேசியரும் இடது ஹூக்கால் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) கீழே தள்ளினார்கள், டைசனிடம் அதே குத்து இருந்தது. மறுபுறம், 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் நீண்ட ஜாபாலும் (முன்கையால் நேராக நீட்டும் குத்து) கிளிஞ்சாலும் (எதிராளியை அணைத்துப் பிடித்து அடிக்கவிடாமல் செய்தல்) டைசனைத் தடுத்து நிறுத்தினார். இரண்டிலும் அலி கைதேர்ந்தவர். 1974இல் ஃபிரேசியருடன் நடந்த இரண்டாம் சண்டையில் அலி எதிராளியின் பின்கழுத்தைத் திரும்பத் திரும்பப் பிடித்து அழுத்தியதை நடுவர் பெரிதும் கண்டுகொள்ளவில்லை. கழுத்துப் பிடிக்குப் புள்ளி குறைக்கும் ஒருவரை நடுவராக நிறுத்தினால், உள்ளே புகுந்து அடிக்கும் டைசனுக்கு முதல் நான்கு ரவுண்டுகளில் கிடைக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது.