ஸ்பானிஷில் ‘யா’: ஆரம்ப நிலையினருக்கு

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ‘யா’ என்ற சொல் எதிரே வந்து நிற்கும். அகராதியில் ‘ஏற்கெனவே’ என்று போட்டிருக்கும். அதை நம்பி அடுத்த வாக்கியத்துக்குப் போனால் ‘இப்போது’ என்று பொருள் வரும். அதற்கடுத்ததில் ‘சரி’, ‘போதும்’. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இது தலைவலிதான். தமிழ் பேசுகிறவருக்கு அவ்வளவு கஷ்டமில்லை, நம்ம ‘ஆச்சு’ பாதி வேலையை முடித்துவிடும்.

படி 1: வாயில் வரட்டும்

எழுத்து இரண்டுதான்: ஒய், ஏ. அழுத்தக் குறி கிடையாது. மெக்சிகோ, பெரு போன்ற நாடுகளில் ‘யா’ என்றே கேட்கும். அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ், உருகுவேயின் மோன்தேவிதேயோ பக்கம் போனால் ‘ஷா’ ஆகிவிடும். காது இரண்டுக்கும் பழகட்டும். பேசுவதற்கு ‘யா’ போதும்.

படி 2: முடிந்த காரியத்தோடு சேருங்கள்

‘கொமீ’ என்றால் சாப்பிட்டேன். ‘யா கொமீ’ என்றால் சாப்பிட்டாச்சு. ‘யா கொமிஸ்தே?’ என்றால் சாப்பிட்டாச்சா? கேள்விக்கென்று தனிச் சொல் எதுவும் வேண்டாம், குரலை ஏற்றினால் போதும். ஸ்பெயினில் பெரும்பாலும் ‘யா எ கொமீதோ’ என்பார்கள், பொருள் அதேதான்.

பதிலையும் இப்போதே படித்துவிடுங்கள். ஆச்சு என்றால் ‘சீ, யா’. இன்னும் இல்லை என்றால் ‘தொதவீயா நோ’. இந்த இரண்டையும் ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள், தனித்தனியாக வேண்டாம். வாக்கியத்தில் ‘யா’வை வினைச்சொல்லுக்கு முன்னால் வையுங்கள். பின்னாலும் வரும், ஆனால் ஆரம்பத்தில் முன்னால் வைப்பதே பத்திரம்.

படி 3: நிகழ்காலத்துக்கு வாருங்கள்

‘யா சோன் லாஸ் ஓச்சோ’: மணி எட்டு ஆயிடுச்சு. ‘யா’வை எடுத்துவிட்டால் வெறுமனே ‘எட்டு மணி’. சேர்த்தால், அதற்குள்ளாகவா என்ற ஆச்சரியமோ, கிளம்பு என்ற அவசரமோ ஒட்டிக்கொள்ளும். ‘யா எஸ் தார்தே’ என்பது நம்ம ‘நேரமாச்சு’.

யாராவது கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் ‘யா வோய்!’ என்று குரல் கொடுப்பார். இதோ வரேன் என்று அர்த்தம். இங்கே ஒரு வேடிக்கை: ‘வோய்’ என்றால் போகிறேன். தட்டுகிறவரை நோக்கிப் போவதால் ஸ்பானிஷ்காரர் ‘போகிறேன்’ என்பார், நாம் ‘வரேன்’ என்போம். வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் இந்த இடத்தில் சறுக்கும்.

படி 4: ‘யா நோ’

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. ‘நோ ஃபூமோ’ என்றால் எனக்கு சிகரெட் பழக்கம் இல்லை. ‘யா நோ ஃபூமோ’ என்றால் முன்பு இருந்தது, இப்போது விட்டாச்சு. முதலாவதைச் சொன்னவருடைய பழைய கதை நமக்குத் தெரியாது. இரண்டாவதைச் சொன்னவர் அதைத் தானாகவே சொல்லிவிடுகிறார்.

சிலர் இதை ‘இனி’ என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘யா நோ த்ரபாஹோ அகீ’ என்பதை ‘இனி இங்கே வேலை செய்ய மாட்டேன்’ என்று புரிந்துகொண்டால் சபதம் மாதிரி ஆகிவிடும். அவர் சொல்வது, ‘நான் இப்போ இங்கே வேலை பார்ப்பதில்லை’ என்ற சாதாரணத் தகவல்.

‘தொதவீயா நோ’வோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘யா நோ வீவே அகீ’: முன்பு இங்கே குடியிருந்தார், இப்போது இல்லை. ‘தொதவீயா நோ வீவே அகீ’: இன்னும் குடிவரவில்லை. வீடு தேடிப் போன இடத்தில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று புரியும்.

படி 5: வருங்காலத்தில்

‘யா வெரேமோஸ்’: பார்க்கலாம். ‘யா தே யமாரே’: அப்புறம் கூப்பிடுறேன். நம்ம ஊர் ‘பார்க்கலாம்’ மாதிரியேதான், நடக்கலாம், நடக்காமலும் போகலாம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

படி 6: தனியாக வரும்போது

‘யா எஸ்தா’: ஆச்சு, அவ்வளவுதான். குழந்தை அடம்பிடிக்கும்போது அதட்டலாகச் சொல்லும் ‘யா!’வுக்கு ‘போதும், நிறுத்து’ என்று பொருள். சிலியில் சாதாரணமாகச் சொல்லும் ‘யா’வுக்குப் பல நேரம் ‘சரி’ என்றுதான் பொருள். ஸ்பெயினில் ‘யா, யா’ என்று இழுத்தால், ‘ஆமா ஆமா, நம்பிட்டேன்’ என்ற கிண்டலும் இருக்கலாம். ‘யா லோ சே’ என்றால் எனக்குத் தெரியும். குரல் கொஞ்சம் கடுத்தால், நீ சொல்லித்தான் தெரியணுமா என்று ஆகிவிடும். பெரியவர்களிடம் பார்த்துப் பேசுங்கள்.

படி 7: பயிற்சி

பதிலைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்: (அ) நேரமாச்சு. (ஆ) இதோ வரேன். (இ) அவர் இப்போ இங்கே குடியிருப்பதில்லை. (ஈ) ‘சாப்பிட்டாச்சா?’ ‘இன்னும் இல்லை.’

விடைகள்: (அ) யா எஸ் தார்தே. (ஆ) யா வோய். (இ) யா நோ வீவே அகீ. (ஈ) யா கொமிஸ்தே? தொதவீயா நோ.