ஜப்பானிய மொழி படித்து வேலைக்குப் போவது எப்படி? தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

வெளிநாட்டு மொழி படித்தால் வேலை நிச்சயம் என்று பயிற்சி நிலையங்கள் விளம்பரம் செய்கின்றன. பாதி உண்மை. வெறும் மொழிக்கு யாரும் பெரிய சம்பளம் தருவதில்லை. ஒரு தொழிலை அந்த மொழியில் பேசத் தெரிந்தவருக்குத்தான் தருகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையும் மொழி மட்டும் தெரிந்தவர் அல்லர், வணிகம் தெரிந்தவர். ஜெர்மன், பிரெஞ்சு படிப்போருக்கும் இது பொருந்தும். சென்னையைச் சுற்றி ஜப்பானிய ஆலைகள் நிறைய இருப்பதால் அந்த மொழியையே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

வகுப்பில் சேருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

டிப்ளமோ, பொறியியல் படித்தவர்களுக்கு ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீசிட்டி பக்கம் வாய்ப்பு உண்டு. யமஹா, கோமட்சு, இசுஸு, டைகின் போன்றவற்றின் ஆலைகள் அங்கே இருக்கின்றன. தரக் கட்டுப்பாடு, கொள்முதல், உற்பத்தித் திட்டமிடல் ஆகிய பிரிவுகளில் ஜப்பானிய அதிகாரியோடு நேரடியாகப் பேசக்கூடிய ஊழியருக்குத் தனி மதிப்பு. மென்பொருள் துறையில் இருப்பவர் ஜப்பானிய வாடிக்கையாளருக்கும் இங்குள்ள குழுவுக்கும் இடையே பாலமாக வேலை செய்யும் பொறியாளர் ஆகலாம்.

கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கு மொழிபெயர்ப்பும் கற்பித்தலும் திறந்திருக்கின்றன. ஆனால் கையில் வேறு தொழில் இல்லாததால், மொழியில் மற்றவர்களைவிட வெகுதூரம் போயாக வேண்டும்.

ஜப்பானுக்கே போக நினைப்பவர்களுக்கு ‘குறிப்பிட்ட திறன் தொழிலாளர்’ விசா இருக்கிறது. 2019 ஏப்ரலில் தொடங்கிய இதற்காக இந்தியா 2021 ஜனவரியில் ஜப்பானோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. முதியோர் பராமரிப்பு, வேளாண்மை, உணவகம், கட்டுமானம் போன்ற துறைகள் இதில் வருகின்றன. இந்த விசாவின் முதல் வகையில் பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

படி 2: அதற்கு எந்த நிலை வேண்டும் என்று பாருங்கள்

ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்து நிலைகள். என்-5 எளிது, என்-1 கடினம். என்-5 சான்றிதழை நம்பி வேலை தேடாதீர்கள். அது தொடங்கியதற்கான அடையாளம் மட்டுமே. படி 1இல் சொன்ன விசாவுக்கு என்-4, அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்னும் கணினித் தேர்வில் 250க்கு 200 வேண்டும். அதோடு துறை சார்ந்த திறன் தேர்வும் உண்டு. பராமரிப்புப் பணிக்குக் கூடுதலாக ஒரு மொழித் தேர்வு எழுத வேண்டும். பொறியாளருக்கு என்-3 கதவைத் திறக்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொள்பவர் என்-2க்குக் கீழே நின்றுவிடக் கூடாது.

படி 3: தமிழ் வழியாகப் படியுங்கள்

இதில்தான் நமக்கு உண்மையான அனுகூலம் இருக்கிறது. ஆங்கிலத்தில் குறிப்பெடுத்துப் படிப்பவர்கள் வாக்கியத்தைப் புரட்டிப் புரட்டிச் சோர்கிறார்கள். ‘நான் சென்னையில் வேலை செய்கிறேன்’ என்பதன் வரிசையிலேயே ஜப்பானிய வாக்கியமும் நடக்கிறது. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபைப் போன்ற இடைச்சொல் பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஹிரகானா என்னும் அடிப்படை எழுத்து வரிசையும் அ, இ, உ, எ, ஒ என்றுதான் தொடங்குகிறது. சமஸ்கிருத எழுத்து முறையின் தாக்கம் அது. ஒஜிசான் என்றால் மாமா, ஒஜீசான் என்றால் தாத்தா. குறில், நெடில் பழகிய காதுக்கு இது சிரமமே இல்லை.

கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளில் மட்டும் குறுக்குவழி கிடையாது. தினம் ஐந்து எழுத்து, கையால் எழுதிப் பழகுங்கள். ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் ஜப்பான் பவுண்டேஷன் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடங்களை முதலில் பார்த்துவிட்டு, பிறகு வகுப்புக்குப் பணம் கட்டுவது நல்லது.

படி 4: தேர்வுக்குப் பதியுங்கள்

சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் தேர்வு நடக்கிறது. பதிவு பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும், கவனம். மொத்தம் 180 மதிப்பெண். என்-4க்கு 90, என்-3க்கு 95 தேவை. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் இருப்பதால், கேட்டல் பகுதியைக் கைவிட்டவர் மொத்தத்தில் எவ்வளவு வாங்கினாலும் தேற மாட்டார்.

படி 5: பேசப் பழகுங்கள்

ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே இல்லை. என்-3 சான்றிதழை வைத்துக்கொண்டு நேர்காணலில் வாய் திறக்க முடியாமல் போவது இதனால்தான். ஜிகோஷோகாய் எனப்படும் சுய அறிமுகத்தை ஒரு நிமிடத்தில் தடங்கலின்றிச் சொல்லப் பழகுங்கள். பிறகு உங்கள் தொழிலுக்கு வாருங்கள். ஒரு பாகம் பழுதாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பாகங்கள் கெட்டன, காரணம் என்ன, எப்போது சரியாகும்? இவற்றை ஜப்பானிய மொழியில் மேலதிகாரிக்குச் சொல்லிப் பாருங்கள். ஆலைகள் தேடுவது இந்தத் திறமையைத்தான். ரிரெகிஷோ எனப்படும் தன்விவரப் படிவத்தையும் அவர்கள் வடிவத்திலேயே தயார் செய்துகொள்ளுங்கள்.

படி 6: முகவரைச் சரிபாருங்கள்

ஜப்பான் போகிறவர்களுக்கு மட்டும் இது. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில், உங்களை வேலைக்கு அனுப்பும் முகவரின் பதிவு எண்ணைத் தேடுங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் உச்சவரம்பு. பயிற்சிக் கட்டணத்தையும் விசா கட்டணத்தையும் இதோடு கலந்து ஒரே தொகையாகக் கேட்டால், பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ரசீது தர மறுப்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.