குடித்த எலியைத் தள்ளாட வைப்பது எப்படி?

1936-இல் டிஸ்னி வெளியிட்ட 'தி கன்ட்ரி கஸின்' கார்ட்டூன் குறும்படத்தில் ஆப்னர் என்ற பட்டிக்காட்டு எலி, பட்டணத்து உறவுக்கார எலியைப் பார்க்க வருகிறது. விருந்து மேசையில் மஸ்டர்டைத் தின்று வாய் எரிய, ஷாம்பெயினைக் குடித்துவிடுகிறது. அந்தப் போதையை வரைந்தவர் டிஸ்னியின் அனிமேட்டர் ஆர்ட் பேபிட். பேச்சே கிடையாது, எல்லாம் உடம்புதான். தள்ளாட்ட நடையை வரையப் பழக இதை ஃப்ரேம் ஃப்ரேமாக, அதாவது படச்சுருளின் ஒவ்வொரு கட்டமாக, நிறுத்திப் பாருங்கள்.

முதலில் நிதான நடை கைவர வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம், எடுத்துவைக்கும் ஓர் அடிக்கு 12. முதல் ஃப்ரேமில் குதிகால் தரையைத் தொடும், 4-இல் உடம்பு தாழும், 7-இல் ஒரு கால் மற்றதைக் கடக்கும், 10-இல் உடம்பு எழும், 13-இல் அடுத்த குதிகால்.

நிதானத்தில் இருப்பவருக்குப் பாரம் போகும் இடத்துக்குக் கால் நேரத்துக்குப் போய்ச் சேரும். போதையில் உடம்பு முதலில் சாயும், கால் பிந்தி ஓடிவந்து தாங்கும். ஆகவே இடுப்பை முதலில் வரையுங்கள். நீலப் பென்சிலால் இடுப்பிலிருந்து தரைக்கு நேர்கோடு போட்டால், அது ஊன்றிய பாதத்துக்கு வெளியே விழ வேண்டும். இடுப்பை அசைக்காமல் முதுகை மட்டும் வளைத்தால் எலி நடனமாடுவதுபோல் தெரியும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

அடிகளின் நேரம் ஒன்றுபோல் இருக்கக் கூடாது. ஓர் அடி 16 ஃப்ரேம், அடுத்தது 8, பிறகு 6-6 ஆக இரண்டு தடுமாற்றம், அப்புறம் 20 ஃப்ரேம் நின்று ஆடட்டும். ஒரே சுற்றைத் திரும்ப ஓட்டினால் இரண்டாவது முறையே கண் கண்டுபிடித்துவிடும். அடுத்தடுத்த படங்களில் உடம்பு நகரும் தூரம் சாய்வின் உச்சியில் குறைவாகவும், விழும்போது அதிகமாகவும் இருக்கட்டும். சம இடைவெளி விட்டால் எலி தண்ணீருக்குள் மிதக்கும்.

மெல்லிய ஆட்டத்துக்கு இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் போதும். தடுமாற்றத்தை ஃப்ரேமுக்கு ஒன்றாக வரையுங்கள். பின்னணி நகரும் ஷாட்டிலும் அப்படியே, இல்லாவிட்டால் பாதம் தரையில் ஒட்டாமல் அதிரும். வால் இடுப்புக்கு 2, 3 ஃப்ரேம் பிந்தி வரட்டும்.

விக்கலுக்கு 8 ஃப்ரேம் மெல்ல மூச்சிழுத்து, ஒரே ஃப்ரேமில் தூக்கிப்போட்டு, 10 ஃப்ரேமில் அடங்க வையுங்கள்.

முகம்தான் நடிப்பு. குடித்தவர் குடிக்காதவர்போல் காட்டிக்கொள்ளத்தான் பாடுபடுவார். தலை சரியும்போதும் கருவிழியைப் போகிற இடத்தின் மேலேயே நிறுத்துங்கள், ஓர் இமை மூடி 3 ஃப்ரேம் கழித்து மற்றது மூடட்டும். இந்த முயற்சி தெரியாவிட்டால் பார்ப்பவருக்கு எலிமேல் பிரியம் வராது.

முடித்ததும் உருவத்தை முழுக்கக் கருப்பாக நிரப்பி ஓட்டிப் பாருங்கள். முகமில்லாமலே போதை தெரியவில்லையென்றால் இடுப்பிலிருந்து மறுபடி வரைய வேண்டும்.