ஆன்லைன் கடை விற்பனை: கேட்வே, யுபிஐ, சிஓடி என்று பிரித்து வங்கியோடு டேலி செய்வது எப்படி?

ஆர்டர் பட்டியல் ஒரு தொகையைக் காட்டும், வங்கியில் வேறு தொகை விழுந்திருக்கும். பல நேரம் இரண்டுமே சரிதான். நடுவில் பேமென்ட் கேட்வேயும் (இணையத்தில் வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வாங்கி நமக்கு அனுப்பும் நிறுவனம்) கூரியரும் இருக்கிறார்கள். அவரவர் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, அவரவர் தேதியில் அனுப்புகிறார்கள். மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் என் அக்காவின் இணையக் கடைக்கு நான் மாதாமாதம் செய்யும் முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். கடை வூகாமர்ஸில் இருக்கிறது. வேறு தளமானாலும் படிகள் இவைதான்.

படி 1: வழிக்கு ஒரு லெட்ஜர்

டாலி மென்பொருளோ எக்செல்லோ, எதில் எழுதினாலும் மூன்று லெட்ஜர் (தனித்தனிக் கணக்கு) திறந்துகொள்ளுங்கள்: கேட்வேயிடம் வரவேண்டியது, கூரியரிடம் வரவேண்டிய சிஓடி (பொருள் கைக்கு வந்ததும் வாடிக்கையாளர் கூரியரிடம் கொடுக்கும் பணம்), நேரடி யுபிஐ (கேட்வே இல்லாமல் நம் க்யூஆரில் வருவது). விற்ற அன்றே பில் தொகை முழுவதையும் உரிய லெட்ஜரில் எழுதுங்கள். வங்கியில் பணம் வந்ததும் அதிலிருந்து கழியுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சி நிற்பதுதான் இன்னும் அவர்களிடம் இருக்கும் நம் பணம்.

வங்கியில் விழுந்ததையே விற்பனை என்று எழுதவே எழுதாதீர்கள். ஜிஎஸ்டிக்கு பில் தொகைதான் கணக்கு. கேட்வே பிடித்த கட்டணம் தனிச் செலவு; வழக்கமான ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்தக் கட்டணத்தின் மேல் போட்ட 18% வரியை உள்ளீட்டு வரியாக, நாம் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுக்கலாம். நிகரத் தொகையை எழுதினால் அதுவும் கண்ணில் படாமல் போய்விடும்.

படி 2: கோப்புகளை இறக்குங்கள்

ஆர்டர் பட்டியல், வங்கி ஸ்டேட்மென்ட், கூரியரின் சிஓடி ரெமிட்டன்ஸ் பட்டியல் (வசூலித்து நமக்கு அனுப்பிய பணம்), கேட்வேயின் செட்டில்மென்ட் ரிப்போர்ட் (கட்டணம் போக நம் வங்கிக்கு அனுப்பிய பணம்). கேட்வேயில் பேமென்ட் ரிப்போர்ட் என்றும் ஒன்று இருக்கும். அது வாடிக்கையாளர் கட்டியதை மட்டும் சொல்லும், நமக்கு எப்போது எவ்வளவு வந்தது என்று சொல்லாது.

படி 3: செட்டில்மென்ட்டைப் பிரிப்பது

என்னை அதிக நேரம் பிடித்து வைத்த இடம் இதுதான். வங்கியில் ஒரே வரி: ₹1,614.60. இந்தத் தொகைக்கு ஆர்டர் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் ஒரு சேலை கிடைக்காது. உள்ளே இருப்பது இது:

கார்டில் ஒரு சேலை ₹1,500. கட்டணம் 2% என்றால் ₹30, அதற்கு ஜிஎஸ்டி ₹5.40, மீதி ₹1,464.60.
யுபிஐயில் ஒரு சேலை ₹850, கட்டணம் இல்லை.
போன வாரம் திரும்பி வந்த சேலைக்குக் கொடுத்த ரீஃபண்ட் ₹700, கழித்தல்.

கூட்டிக் கழித்தால் ₹1,614.60. ஆகவே ஆர்டரை நேரே வங்கியோடு ஒப்பிடாதீர்கள். முதலில் வங்கி வரியில் இருக்கும் யுடிஆர் எண்ணை (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உரிய தனி எண்) கொண்டு செட்டில்மென்ட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்குள் இருக்கும் பேமென்ட் ஐடியைக் கொண்டு ஆர்டருக்குப் போங்கள். இரண்டு முறை தாவ வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் ஒரு எக்ஸ்லுக்கப் (எக்செல்லின் தேடிப் பொருத்தும் சூத்திரம்). தொகையை வைத்துப் பொருத்துவது ஆபத்து: ₹850 சேலை ஒரே நாளில் நான்கு போகும்.

ரீஃபண்ட் கொடுத்தாலும் முதலில் பிடித்த கட்டணத்தைப் பெரும்பாலான கேட்வேக்கள் திருப்பித் தருவதில்லை. அது செலவாகவே நிற்கட்டும்.

தேதியையும் பாருங்கள். செட்டில்மென்ட் வங்கி வேலை நாள் கணக்கு. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வந்தால் வெள்ளிக்கிழமை விற்பனை தள்ளிப் போகும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மதுரை மாவட்டத்துக்கு விடும் உள்ளூர் விடுமுறை இந்தக் கணக்கில் சேராது.

படி 4: சிஓடி

இங்கே பொருத்திப் பார்க்க வேண்டியது ஆர்டர் எண் அல்ல, ஏடபிள்யூபி எண் (கூரியர் ஒவ்வொரு பார்சலுக்கும் தரும் எண்). டெலிவரி ஆனது, வாங்காமல் திரும்பியது, வழியில் இருப்பது என்று மூன்றாகப் பிரியுங்கள். திரும்பியதன் விற்பனையை ரத்து செய்யுங்கள். போகவர ஆன கூரியர் கட்டணம் மட்டும் செலவு. டெலிவரி ஆகியும் ரெமிட்டன்ஸ் பட்டியலில் வராத ஏடபிள்யூபி எண்களைத் தனியாக எடுத்து கூரியருக்கு மெயில் போடுங்கள். போனில் சொன்னால் பதிவு இருக்காது.

அமேசான் போன்ற சந்தைத் தளங்களில் விற்றால் இன்னும் இரண்டு பிடித்தம் உண்டு: ஜிஎஸ்டி டிசிஎஸ் (2024 ஜூலை 10 முதல் 0.5%), வருமான வரி டிடிஎஸ் (2024 அக்டோபர் 1 முதல் 0.1%). இரண்டும் செலவல்ல, நம் பெயரில் அரசிடம் இருக்கும் வரவு. தனி லெட்ஜர் போடுங்கள்.

பின்சேர்க்கை: யுபிஐ எண் 5.12E+11 என்று தெரிகிறதா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருக்கும் நண்பர் இதைத்தான் கேட்டார். வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்து க்யூஆரில் பணம் வாங்குபவர்களுக்கு யுபிஐயின் 12 இலக்க எண்தான் ஒரே பிடி. சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால் அந்த எண் இப்படிச் சுருங்கும். அப்படியே சேமித்தால் கோப்பில் இலக்கங்களே போய்விடும். டேட்டா பட்டியில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகத் திறந்து, அந்த நெடுவரிசையை மட்டும் டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். தொகை நெடுவரிசை எண்ணாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் சம்இஃப்ஸ் (நிபந்தனைப்படி கூட்டும் சூத்திரம்) பூஜ்யம் காட்டும்.

பணம் கட்டியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சேலையை அனுப்பாதீர்கள். அந்த 12 இலக்கம் வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருந்தால் மட்டும் பார்சல் கட்டுங்கள்.