கைவினை நகைக்குக் கடைசிப் பூச்சு: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

நான் செய்து விற்ற ஒரு ஜோடி செம்பு ஜிமிக்கி மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. உடையவில்லை, கொக்கி கழலவில்லை. ஒரு ஜிமிக்கியின் வளைவில் என் கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, கரும்பழுப்பில் தெரிந்தது. அதுவும் பூச்சுக்கு அடியில். லேக்கர் (உலோகம் கறுக்காமலிருக்க மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடிக்கும் முன் ஒரு தடவை கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். வியர்வை உப்பில் இருக்கும் குளோரைடு செம்பை அரிக்கத் தொடங்கிவிட்டால், மேலே பூச்சு இருக்கிறதே என்று அது நின்றுவிடாது. நம்மால் துடைக்கவும் முடியாது. பூச்சு முழுவதையும் கரைத்தெடுத்து, மறுபடி மெருகு போட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது "எந்த லேக்கர் நல்லது?" என்றுதான். அதன் அடியில் எதை விட்டுவைக்கிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான நகைகள் அங்கேதான் கெடுகின்றன.

பற்றவைத்த இடத்தைப் பாருங்கள். பற்றவைக்கத் தடவும் வெண்காரம் (போராக்ஸ்) சூட்டில் உருகி, ஆறியதும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். பொடிக்கும் (பற்றவைக்க உருக்கும் உலோகம்) தகட்டுக்கும் நடுவில் ஒரு துளி மிச்சமிருந்தால், சில வாரங்களில் அந்த மூட்டைச் சுற்றி வெளுப்பாகவோ பச்சையாகவோ ஒரு வளையம் எட்டிப் பார்க்கும். அதனால் நகையை வெதுவெதுப்பான எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் போட்டு, அந்தக் கண்ணாடி முழுக்கக் கரையும் வரை பொறுத்திருங்கள். அதற்குள் இரும்பு இடுக்கியை விடவே கூடாது. கரைசலில் ஏற்கெனவே செம்பு கரைந்திருக்கும். இரும்பு பட்டதும் அந்தச் செம்பு வெள்ளியின் மேல் போய்ப் படிந்து, நகை முழுக்க ரோஸ் நிறமாகிவிடும். மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் இடுக்கியோ போதும்.

மெருகு போடும் சோப்பிலும் மெழுகும் கொழுப்பும் உண்டு. அது சித்திர வேலையின் இடுக்குகளில் அடைந்துகொள்ளும். பட்டறைகளில் பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் மெல்லிய பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள். இன்றைக்கும் எனக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை. தேய்த்த பின் ஒரு சோதனை: நகையைத் தண்ணீரில் முக்கி எடுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது, திரும்பவும் கழுவுங்கள். அப்புறம் ஈரம் போகக் காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அதிலிருந்து பூச்சு முடியும் வரை கையுறையோடுதான் தொட வேண்டும். முத்தும் பவளமும் பதித்த நகையை மட்டும் இந்தப் புளிப்புக் கரைசல் எதிலும் போடாதீர்கள். இரண்டும் அடிப்படையில் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும். கல்லை எப்போதுமே கடைசியில் பதியுங்கள்.

அடுத்தது, வேண்டுமென்றே கறுப்பேற்றும் வேலை. எனக்கு மிகவும் பிடித்த கட்டமும் அதுதான், நான் அதிகம் சொதப்பியதும் அதில்தான். 'லிவர் ஆஃப் சல்ஃபர்' என்று விற்கும் கந்தகச் சேர்மக் கட்டியை வெந்நீரில் கரைத்துச் செம்பையோ வெள்ளியையோ முக்கினால் கறுக்கும். சீக்கிரம் கறுக்கட்டும் என்று கட்டியை அள்ளிப்போட்டுக் கொதிக்கக் கொதிக்க முக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்போது கறுப்பு தடியாக, பொருக்கு மாதிரி ஏறி, மெருகுத் துணி பட்டதும் உதிரும். ஒரு கப் வெந்நீருக்குப் பட்டாணி அளவு போதும். முக்கி, கழுவி, பார்த்து, மறுபடி முக்குங்கள். நீர்த்த கரைசலில் முதலில் பொன்னிறம், பிறகு சிவப்பு, நீலம், அதற்கப்புறம்தான் கருமை. நடுவில் பிடித்த நிறத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பித்தளை இதில் சரியாக நிறம் பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று கரைசலை இன்னும் கெட்டியாக்கிப் பயனில்லை. ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. எலுமிச்சை உப்பு ஒட்டியிருக்கும் நகையை இந்தக் கரைசலில் போடாதீர்கள். அமிலமும் இதுவும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், அது விஷம். ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் முதலில் அலசிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

இப்படிப் பார்த்துப் பார்த்து ஏற்றிய கறுப்பை, வாங்கிப் போனவர் ஒரே நாளில் போக்கிவிடுவதும் உண்டு. அலுமினியத் தாள் விரித்து, ஆப்பசோடா தூவி, வெந்நீர் ஊற்றும் முறை வெற்று வெள்ளிக்கு அருமையானது. ஆனால் அதற்குப் பூவேலையின் பள்ளத்தில் நாம் ஏற்றிய கறுப்புக்கும் பீரோவில் தானாக ஏறிய கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டுமே சில்வர் சல்ஃபைடுதான். விற்கும்போதே ஒரு சீட்டில் இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். முலாம் பூசிய நகையையும் மெருகுத் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டாமென்று சேர்த்தே எழுதுங்கள். முலாம் மிக மெல்லியது, தேய்க்கத் தேய்க்க உள்ளே இருக்கும் உலோகம் தெரிந்துவிடும்.

சரி, பூச்சுக்கு வருவோம். மோதிரத்துக்கும் வளையலுக்கும் லேக்கர் அடிக்காதீர்கள். நாள் முழுக்க உரசும் பொருளில் அது ஓரத்திலிருந்து உரிய ஆரம்பிக்கும். உரிந்த இடம் கறுத்து, மற்ற இடம் பளபளத்து, பூசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். அவற்றுக்கு மைக்ரோகிறிஸ்டலின் மெழுகு (மிக நுண்ணிய படிகங்களாலான மெழுகு) நல்லது. 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் அருங்காட்சியகப் பொருள்களுக்காக உருவாக்கிய 'ரெனைசான்ஸ் வேக்ஸ்' இந்த வகைதான். துணியில் துளி எடுத்துத் தடவி, காய்ந்ததும் துடைத்துவிட வேண்டும். தேய்ந்துபோனால் இன்னொரு தடவை தடவிக்கொள்ளலாம். கம்மல், பதக்கம், சுவரில் மாட்டும் தகடு இவற்றுக்கு லேக்கர் சரி. செம்பு, பித்தளைக்கென்றே 'இன்க்ராலாக்' என்று ஓர் அக்ரிலிக் லேக்கர் உண்டு. செம்பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோலும் அதில் கலந்திருக்கும். கைக்குக் கிடைக்கிறதே என்று நெயில் பாலிஷ் பூசுகிறவர்கள் நிறையப் பேர். அது சில மாதங்களில் மஞ்சளித்துச் செதில் செதிலாக உரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும்போது லேக்கர் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் மாதிரி வெளுக்கும். வெயில் வரும்வரை காத்திருந்து, மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசினால் பூச்சு தெளிவாக இருக்கும்.

வீட்டுக் குத்துவிளக்குக்கு லேக்கர் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். ஏற்றாத அலங்கார விளக்கு என்றால் அடிக்கலாம். ஏற்றும் விளக்கு என்றால் வேண்டாம், சூட்டில் பூச்சு கருகி அசிங்கமாகிவிடும். புளி போட்டு விளக்குவதில் தப்பில்லை, ஆனால் ஊறவைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை முதலில் இழுக்கும். மிஞ்சுவது செம்பு என்பதால்தான் விளக்கு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. அதை அழுக்கு என்று நினைத்து இன்னும் புளி போடுகிறவர்கள் உண்டு. தஞ்சாவூர்த் தட்டு இருந்தால் அதன் பக்கம் புளியையும் பல்பொடியையும் கொண்டுபோகவே வேண்டாம். மேலே எழும்பி நிற்கும் வெள்ளித் தகடு மெல்லியது, தேய்த்துத் தேய்த்துத் தெய்வத்தின் மூக்கும் கண்ணும் மழுங்கிப்போன தட்டுகளைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது.

அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் பித்தளைக்கு ஆகாது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921இல்தான் தெளிவானது. அழுத்தி உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும், அம்மோனியா பட்டால் அதுதான் விரிசலாகிறது. தட்டியும் வளைத்தும் செய்த நம் பித்தளைக் காப்பிலும் அதே இறுக்கம் உள்ளே இருக்கிறது.

எடுத்து வைக்கும்போது ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போடும். பி.வி.சி. உறையும் வேண்டாம். ஒவ்வொரு நகையையும் தனித்தனிப் பாலிதீன் ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அது இல்லையென்றால் ஒரு துண்டு சாக்பீஸ்.