பழைய லேப்டாப்புக்கு ரேம் வாங்கும் முன்

"லேப்டாப் ஸ்லோ" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "ரேம் போடு" என்று பதில் வந்துவிடும். சொல்பவர் அந்த மெஷினை ஒரு தடவை ஆன் செய்துகூடப் பார்த்திருக்க மாட்டார். விலை குறைந்த பழைய லேப்டாப்பை வேகப்படுத்தக் கிளம்புகிற புதியவர்கள் காசைத் தொலைப்பது பெரும்பாலும் இங்கேதான். டெம்ப் ஃபைலை அழிப்பது, ஸ்டார்ட்அப்பில் வேண்டாததை நிறுத்துவது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடலாம்.

## ஹார்டு டிஸ்க் அப்படியே இருக்க, ரேமை மட்டும் ஏற்றுவது

வழக்கமாக நடப்பது இப்படி. 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க் உள்ள மெஷின். டெஸ்க்டாப் வரவே மூன்று நிமிடம். இன்னொரு 4 ஜிபி வாங்கிப் போடுகிறார்கள். போட்ட பிறகும் டெஸ்க்டாப் வர அதே மூன்று நிமிடம். பிரவுசரைத் திறந்தால் அதே நீல வட்டம் சுற்றுகிறது. உடனே "இந்த லேப்டாப்பே குப்பை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எத்தனை பேருக்குச் சொன்னாலும் இந்தச் செலவு மட்டும் நிற்பதே இல்லை.

மெஷின் திணறிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். ஆக்டிவ் டைம் 100% என்று நிற்கும். கீழே படிக்கும் வேகம் நொடிக்கு 1 அல்லது 2 எம்பிதான் இருக்கும். பட்ஜெட் லேப்டாப்புகளில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க். ஒரே பெரிய வீடியோவைக் காப்பி செய்தால் அதுவே நொடிக்கு 100 எம்பியை ஒட்டிக் கொடுக்கும். ஆனால் விண்டோஸ் பூட் ஆகும்போது கேட்பதெல்லாம் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் படிக்கும் ஹெட் நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தடவைக்குச் சுமார் 15 மில்லிசெகண்ட் என்றால் நொடிக்கு அறுபது, எழுபது துண்டுதான் தேறும். சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் இந்தக் காத்திருப்பு 0.1 மில்லிசெகண்ட் அளவுதான். ரேம் எவ்வளவு இருந்தாலும், முதல் தடவை எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்துதானே படித்தாக வேண்டும்?

ஒரு சிக்கல் உண்டு. ரேம் போதாவிட்டாலும் டிஸ்க் 100% காட்டும், ஏனென்றால் விண்டோஸ் ரேமில் இருப்பதை பேஜ்ஃபைலுக்கு (டிஸ்க்கில் ரேமுக்கு உதவியாக வைத்திருக்கும் ஃபைல்) தள்ளித் தள்ளி மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும். எது காரணம் என்று தெரிய ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். மெமரி பக்கத்தில் ஹார்டு ஃபால்ட்ஸ் (ரேமில் இல்லாததால் டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டி வந்த தடவைகள்) எண்ணிக்கை, புரோகிராம் திறக்கும் நேரத்தில் மட்டும் எகிறி அடங்கினால் அது சாதாரணம். விடாமல் நூற்றுக்கணக்கில் நின்று, டிஸ்க் பக்கத்தில் பேஜ்ஃபைல்.சிஸ் மேலேயே இருந்து, மெமரியும் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ரேம் உண்மையிலேயே போதவில்லை. அப்போதும், 4 ஜிபி உள்ள மெஷினுக்கு எஸ்எஸ்டியைத்தான் முதலில் போடச் சொல்வேன். பேஜ்ஃபைலும் அதற்கே போய்விடுவதால் அந்தத் திணறலும் பாதி குறையும். 2 ஜிபி மெஷினுக்கு மட்டும் இரண்டுமே வேண்டும்.

வாங்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள். டிஸ்க்கின் அளவு 32 அல்லது 64 ஜிபி என்று காட்டினால் அது போர்டிலேயே சால்டர் செய்த இஎம்எம்சி என்ற ஸ்டோரேஜ் சிப்பாக இருக்கலாம். அதைக் கழற்ற முடியாது. காலியாக ஒரு எம்.2 ஸ்லாட்டோ (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) 2.5 இன்ச் இடமோ இருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் அந்த மெஷினுக்குச் செலவழிப்பதை அத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

## எம்.2 எல்லாம் ஒன்று என்று நினைப்பது

ஸ்லாட் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், எஸ்எஸ்டி மெஷினோடு பேசும் முறையில் சாட்டா வேறு, என்விஎம்இ வேறு. ஒன்றுக்கு மட்டுமான ஸ்லாட்டில் மற்றது பல நேரம் உட்காரும், ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங் திரை) பெயரே வராது. நீளமும் முக்கியம், 2242 (42 மிமீ நீளம்) வகைக்கு இடம் விட்ட மாடலில் 2280 (80 மிமீ) நுழையாது. மாடல் எண்ணைப் போட்டு சர்வீஸ் மேனுவலைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

டிவிடி டிரைவைக் கழற்றி அங்கே டிஸ்க் மாட்டுகிறவர்கள், எஸ்எஸ்டியை ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் போட்டுவிட்டு பழைய ஹார்டு டிஸ்க்கை டிவிடி இடத்துக்கு மாற்ற வேண்டும். சில பழைய மாடல்களில் டிவிடி போர்ட்டின் வேகம் குறைவு. டிவிடி இடத்தில் டிஸ்க்கைப் பொருத்தும் ஃபிரேம் 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமனில் வருகிறது. அளந்து பார்த்து வாங்குங்கள்.

## டிடிஆர்3-ம் டிடிஆர்3எல்-லும்

இவை இரண்டு வகை ரேம்கள். டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல்-லுக்கு 1.35 வோல்ட். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். செலரான் என்3060 போன்ற பிராசஸர்களுக்கு 1.35 வோல்ட்தான்; மற்றதைப் போட்டால் பெரும்பாலும் கருப்புத் திரைதான் மிஞ்சும். அந்தப் பிராசஸருக்கு உச்சவரம்பும் 8 ஜிபிதான். டாஸ்க் மேனேஜர் இரண்டு ஸ்லாட் என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், சால்டர் செய்த ரேமையும் ஸ்லாட்டாகக் காட்டும்.

## ரெகவரி கீ இல்லாமல் பயாஸைத் தொடுவது

மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்நுழைந்த மெஷின்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் வசதி) தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். பயாஸில் செக்யூர் பூட், டிபிஎம் என்ற பாதுகாப்பு செட்டிங்குகளை மாற்றினால் அடுத்த தடவை நீலத் திரை 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு ஃபோட்டோக்களை எடுக்கப் பார்த்தாலும் அதே கேள்விதான். பாஸ்வேர்டு மறந்துபோன அக்கவுண்டில் அந்தக் கீ மாட்டிக்கொண்டு, பல வருடப் படங்களை இழந்தவர்கள் உண்டு. ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்பே கீயை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

## எம்எஸ்கான்ஃபிக்கில் கோர் எண்ணிக்கையை ஏற்றுவது

எம்எஸ்கான்ஃபிக் என்பது விண்டோஸின் பூட் செட்டிங் கருவி. அதைத் தொடாமல் விட்டாலே விண்டோஸ் பிராசஸரின் எல்லாக் கோரையும் பயன்படுத்துகிறது. அதிலுள்ள கோர் எண்ணிக்கைப் பெட்டி குறைப்பதற்குத்தான். பக்கத்தில் உள்ள மேக்ஸிமம் மெமரியில் தப்பான எண் விழுந்தால் மெஷின் பூட்டே ஆகாது.

## பேஜ்ஃபைலை ஆஃப் செய்வது

ரேம் நிரம்பியதும் பிரவுசர் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும்.

## ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் பூஸ்டர்

வேண்டாம்.

## சூட்டையும் சார்ஜரையும் கவனிக்காமல் விடுவது

எஸ்எஸ்டி, ரேம் இரண்டும் போட்ட பிறகும் இழுத்தால், டாஸ்க் மேனேஜரில் சிபியூ வேகத்தைப் பாருங்கள். வேலை கொடுத்தும் 0.4, 0.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாமல் நின்றால் சார்ஜரைச் சந்தேகிக்கலாம். சில மாடல்கள் தங்கள் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் பிராசஸரை வேண்டுமென்றே மெதுவாக்கும். மாடலுக்குரிய வேறொரு சார்ஜரை மாட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதலில் வேகம் இருந்து சில நிமிடத்தில் இறங்கினால் சூடு. ஃபேனுக்கும் செம்புக் குழாய் நுனியிலுள்ள தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணி மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. அடிமூடியைத் திறந்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

## விண்டோஸ் 11-ஐ வலுக்கட்டாயமாக ஏற்றுவது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் தகுதிச் சோதனையைத் தாண்டும் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றுகிறார்கள். ஆதரவில்லாத மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று உத்தரவாதம் கிடையாது, 4 ஜிபியில் அது நொண்டவும் செய்யும். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டங்களான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ லுபுன்டுவையோ பென் டிரைவில் எழுதி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா என்று மூன்றையும் சோதியுங்கள். பென் டிரைவிலிருந்து மெதுவாகத்தான் ஓடும் என்பதால், அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம்.